பாண்காரரையும் கீறுங்க ரீச்சர்

2003 ஆவணி விடுமுறைக்கு லண்டனிலிருந்து தங்கை வந்திருந்தாள். 1986 இல் போனவள். போர்நிறுத்தம் வந்த பிறகுதான் கல்லடியைத் திரும்பப் பார்க்கிறாள். அவளுடைய நாலு வயது மகள் எங்கள் ஒழுங்கையில் கால் வைத்த அன்றே என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா, இங்க பொலிஸ் எந்த வீட்ல இருக்கிறார்? அந்த வீடு என்ன கலர்?"

வாசலில் நின்ற அயல் மாமி என் முகத்தைப் பார்த்தா. "என்னகா இது, பொலிஸைத் தேடுது புள்ள?" என்று மெதுவாகக் கேட்டா. எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் வீட்டை விசாரித்த முதல் ஆள் அவள்தான். பொலிஸ் எங்களைத் தேடி வந்த காலம் உண்டு. நாங்கள் அவர்களைத் தேடிப் போனதில்லை.

தங்கை சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து ஒரு வீடியோ கசற்றை எடுத்தாள். 'பலமோரி'. பிபிசி 2002 புரட்டாதியில் தொடங்கிய சிறுபிள்ளைத் தொடர். ஸ்கொட்லாந்தின் மல் தீவிலுள்ள ரொபர்மோரி என்ற துறைமுக ஊரில் எடுத்தார்கள். பொம்மையும் இல்லை, கார்ட்டூனும் இல்லை. நடமாடுகிற மனிதர்கள்தான். பச்சை வீட்டில் நேர்சரி ரீச்சர் மிஸ் ஹூலி, வெள்ளை வீட்டில் பொலிஸ்காரர் பிளம், சிவப்பு வீட்டில் கடை வைத்திருக்கிற இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி சக்கர நாற்காலியில். மஞ்சள் வீட்டில் உடற்பயிற்சிக்காரி, செம்மஞ்சள் வீட்டில் சித்திரக்காரர், இளஞ்சிவப்புக் கோட்டையில் எதையாவது புதிதாகச் செய்து பார்க்கிற ஒரு மனிதர், ஊரெல்லாம் பஸ் ஓட்டுகிற ஓர் அம்மா. இவ்வளவுதான் ஊர். ஒரு நாள் ஒருவருக்குச் சின்னச் சிக்கல் ஒன்று வரும், மற்றவர்கள் கூடித் தீர்ப்பார்கள். அதற்குமேல் கதை இல்லை.

எனக்குப் பெருமை பொறுக்கவில்லை. ஊர் முழுவதும் வந்து யோசனை கேட்கிற ஆள் ஒரு நேர்சரி ரீச்சர்! அந்தக் காலத்தில் பெற்றார் கொடுக்கிற மாதக் காசுதான் என் சம்பளம். காசு இல்லாத மாதத்தில் ஒரு விளைமீன் வரும், இல்லாவிட்டால் நாலு தேங்காய். மிஸ் ஹூலிக்கு யாரும் மீன் கொடுத்ததாக அந்தக் கசற்றில் இல்லை.

கசற்றை என் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எல்லாம் விளங்கியது. முடிந்ததும் ஒரு பொடியன் கேட்டான்: "கடல் இருக்கு, தோணி இருக்கு, கடை இருக்கு. கோயில் எங்க ரீச்சர்?"

அந்தக் கேள்விதான் என்னை என் பழைய மட்டைகளிடம் திரும்பக் கொண்டுபோனது.

1984 தையில், ஒரு வெறும் பிஸ்கற் பெட்டியை வெட்டி எட்டுப் பேரைக் கீறியிருந்தேன். தபாற்காரர், மருத்துவிச்சி, பொலிஸ்காரர், ஆசிரியை, வேளாண்மைக்காரர், மீனவர், தச்சர், சங்கக்கடை மனேச்சர். 'எமக்கு உதவுவோர்' என்பது பாடத்தின் பெயர். முன்பள்ளி என்று ஒன்று இருந்தால் அங்கே இந்தப் பாடம் இருக்கும். பிள்ளை தன் வீட்டுப் படலைக்கு வெளியே இருக்கிற உலகத்தை முதன்முதல் அறிவது இதில்தான். என்னுடைய முன்பள்ளி மாதர் சங்கக் கட்டடத்தின் பின்விறாந்தையில் நடந்தது. ஓலைத் தட்டி, மணல் தரை, ஒரு கரும்பலகை.

கல்லடியைத் தெரியாதவர்களுக்கு: கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவில் ஒரு மணல் நாடா. அதன் நடுவால் கல்முனைக்குப் போகும் வீதி. பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் பாலம் கடக்க வேண்டும். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் வெள்ளைக்காரன் கட்டிய இரும்புப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். அந்தப் பக்கம் பஸ் ஏறினால் இந்தப் பக்கம் லொறி காத்து நிற்கும். எங்கள் பிள்ளைகள் 'முறை' என்ற சொல்லைப் படித்தது அந்தப் பாலத்தடியில்தான். நான் ஒரு நாளும் அதை வகுப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை. 2013 பங்குனியில் பக்கத்தில் அகலமான புதுப் பாலம் திறந்தார்கள். பழையது இப்போது நடப்பவர்களுக்கு.

என் எட்டு மட்டையும் கல்லடி ஆட்களைப் பார்த்துக் கீறியவை. தச்சருடைய முகம் டச்பாரிலிருந்த ஒரு பறங்கி அங்கிளுடையது. மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கீசரின் வழிவந்தவர்கள். வீட்டுக்குள் பழைய போர்த்துக்கீச மொழி பேசுவார்கள்; கலியாணத்தில் கஃபரிஞ்ஞா ஆடுவார்கள்; தச்சு, கொல்லு, தையல் என்று கைத்தொழிலில் பேர் எடுத்தவர்கள். எங்கள் வாங்கு மேசையெல்லாம் அந்த அங்கிள் செய்து தந்தவை. மீனவரின் முகம் நாவலடியில் கரைவலை இழுத்த ஒருவருடையது. பொலிஸ்காரருக்கு மட்டும் முகம் கிடைக்கவில்லை. தொப்பியைக் கீழே இறக்கி, மீசையை வைத்து விட்டேன்.

எனக்கு இந்தப் பாடத்தை யாரும் படிப்பிக்கவில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்த 1960களில் சந்திக் கடையில் ஒரு றேடியோ இருந்தது. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' வந்தால் கடைக்காரர் சத்தத்தைக் கூட்டி வைப்பார். 'வானொலி மாமா' என்று ஒரு குரல் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசும், பாட வைக்கும், நாடகம் போடும். பின்னாளில் நாடே அறிந்த பி.எச். அப்துல் ஹமீதும் சிறுவனாக அந்த நிகழ்ச்சியால் நுழைந்தவர்தான். அருமையான நிகழ்ச்சி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் கேட்ட வரையில் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் கொழும்புத் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரியே பேசினார்கள். "வாகா", "ஓம்கா" என்று பேசுகிற ஒரு பிள்ளையை அந்தப் பெட்டிக்குள் நான் கேட்டதில்லை. றேடியோவுக்குள் போவதென்றால் ஊர்ப் பேச்சை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்தது 1979 சித்திரையில், ஐ.ரி.என். மூலம். யப்பானின் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கியது. எங்கள் ஒழுங்கைக்கு முதல் ரி.வி. சவூதியிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில் வந்தது. நீளக் குழாயில் அன்ரனா. காற்றடித்தால் ஒரு ஆள் கூரையடியில் நின்று திருப்ப வேண்டும். ரைற்றஸ் தொட்டவத்தை சிங்களத்தில் குரல் கொடுத்து எடுத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்கள் அப்போது பேர்போனவை. டொக்டர் டூலிற்றில் 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆனார். எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியாது, ஆனாலும் அந்த மனிதர் மிருகங்களோடு பேசுவதைப் பார்த்துச் சிரிக்கும். தொட்டவத்தையின் கைவண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மொழி விளங்காத பிள்ளையையும் பிடித்து உட்கார வைத்தவர் அவர்.

தமிழில் இதே வேலையைச் செய்தவர்கள் நாடகக்காரர். 1970களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் குழந்தை சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதி மேடையேற்ற, சிறுவர் அரங்கு என்ற சொல்லே அதற்குப் பிறகு எங்களுக்குப் பழக்கமானது. எங்கள் மண்ணின் சி. மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். கூத்தின் ஆட்டமும் தாளமும் தெரிந்த ஒருவர் பிள்ளைகளுக்கு எழுதினால் எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நாடகம் ஒரு நாள் வந்து போகும். ரி.வி. என்றால் ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் அதே ஆட்கள் வருவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதுதான் பெரிய காரியம்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. முன்பள்ளி மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது பிள்ளைகள் பாதிதான் வந்தன. பாலத்தடியில் சோதனைச் சாவடி. இரவில் கரண்ட் இல்லை, ரி.வி. பார்க்க வசதி இருந்தவர்கள் கார் பற்றரியில் பார்த்தார்கள். ஒரு காலை வழக்கம்போல மட்டைகளைக் காட்டிக்கொண்டு வந்தேன். தபாற்காரர், மருத்துவிச்சி. மூன்றாவது மட்டையைத் தூக்கியதும் ஒரு பெண்பிள்ளை எழும்பிப் போய் மேசைக்குக் கீழே இருந்துகொண்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். மட்டை சத்தம் போடும் என்று நினைத்தாளோ என்னவோ.

அன்றே அந்த மட்டையை எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டேன். எட்டுப் பேர் ஏழு பேர் ஆனார்கள். மேற்பார்வைக்கு வந்த ஒருவர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறதே என்றார். "தொலைஞ்சு போச்சு சேர்" என்றேன். பொய்யும் இல்லை.

இந்தக் கதையைப் பல வருடம் நான் யாருக்கும் சொல்லவில்லை. ஓர் ஆசிரியை பாடத்தை மறைப்பது பெருமையான காரியமா? பிறகு ஒரு நாள், தங்கையின் மகள் வளர்ந்து பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கும்போது, போனில் ஓர் அமெரிக்கத் தொடரைப் போட்டுக் காட்டினாள். 'மிஸ்ரர் றொஜர்ஸின் அயல்'. 1968 மாசியில் நாடு முழுவதும் ஒளிபரப்பத் தொடங்கி 2001 வரை புதுப் பகுதிகள் வந்த தொடர். பிரெட் றொஜர்ஸ் என்ற மென்மையான மனிதர் வீட்டுக்குள் வந்து, கோட்டைக் கழற்றிக் கம்பளிச் சட்டையை மாட்டி, சப்பாத்தை மாற்றி, பிள்ளைகளோடு பேசுவார். அந்த அயலின் பொலிஸ்காரராக நடிக்க பிரான்சுவா கிளமன்ஸ் என்ற கறுப்பினப் பாடகரைக் கேட்டார்கள். அவர் தயங்கினார். தான் வளர்ந்த தெருவில் பொலிஸ் என்றால் உதவிக்கு வருகிற ஆள் இல்லை என்பது அவருடைய கதை. பிறகு ஒத்துக்கொண்டார். 1969 இல் ஒரு பகுதி: வெயில் நாள், றொஜர்ஸ் ஒரு சின்னத் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு இருக்கிறார். பொலிஸ்காரரையும் வரச் சொல்கிறார். இருவர் காலும் ஒரே தண்ணீரில். கறுப்பரை நீச்சல் குளத்தில் இறங்க விடாத இடங்கள் இருந்த நாட்டில் அதற்குமேல் எதையும் சொல்லத் தேவையில்லை. ஒரு துவாயால் இருவரும் கால் துடைத்தார்கள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் இருந்தேன். என் மட்டையைக் கண்டு மேசைக்குக் கீழே போன பிள்ளையின் தயக்கமும் அந்தப் பாடகரின் தயக்கமும் ஒரே தயக்கம். அவருக்கு ஒரு றொஜர்ஸ் கிடைத்தார். எனக்கு ஓர் அலுமாரி கிடைத்தது.

எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. 1996 இல் வாவிக்கு அந்தப் பக்கம் பட்டணத்தில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து செய்த வேலை. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, களிமண், சாயம், கதை, பாட்டு என்று ஒன்றாக விளையாட விட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்தும் ஒருவரை ஒருவர் கண்ணால் காணாத பிள்ளைகள் அவை. ரி.வி.யில் நான் கண்ட அயல் எல்லாம் கமெராவுக்காகக் கட்டியது. பிள்ளைகள் உள்ளே போய் விளையாடக்கூடிய அயல் ஒன்றை நான் கண்டது அந்தப் பூங்காவில்தான்.

பிறகு 2004 மார்கழி 26. ஞாயிறு, பறுவ நாள். காலை. கல்லடி, திருச்செந்தூர், நாவலடி, டச்பார். கடலும் வாவியும் ஒன்றாகின. திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்து நின்றது. என் முன்பள்ளி இருந்த இடத்தில் மணல் மட்டும். தச்சு அங்கிளின் வீடு இருந்த நிரை இல்லை. என் வகுப்பில் எத்தனை பேர் என்று இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த மாசியில் ஒரு கோயில் வளவில், நீலத் தறப்பாளுக்குக் கீழே, திரும்பத் தொடங்கினோம். மட்டைகளெல்லாம் போயிருந்தன. நிவாரணச் சாமான் வந்த பெட்டியொன்றைக் கிழித்து, பிள்ளைகளிடமே கேட்டேன்: "ஆரை ஆரைக் கீறுவம்?" இருபது வருடத்தில் நான் கேட்டிராத கேள்வி. எப்போதும் பட்டியல் என்னுடையதாகவே இருந்தது.

"பாண்காரரையும் கீறுங்க ரீச்சர்" என்றது ஒன்று.

காலை ஆறரைக்கு, சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி கட்டி, மணியடித்துக்கொண்டு நாவலடி வரைக்கும் போகிற மனிதர். என் எட்டுப் பேரில் அவர் ஏன் இல்லாமல் போனார்? எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பாண்காரர் இருக்கவில்லை, அதனால் என் கண்ணிலும் படவில்லை. கீறினேன். கீறி முடிந்ததும் அடுத்த கேள்வி: "அவரு இப்ப ஏன் வாறல்ல?"

எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு. "அவரு வெளியூருக்குப் போயிட்டாரு மனே" என்றேன்.

நாலு வயதுப் பொடியன் என்னைத் திருத்தினான். "இல்ல ரீச்சர். அவரு செத்துப் போயிட்டாரு. அவர்ர சைக்கிள் எங்கட வளவுக்குள்ள கிடக்கு."

அமெரிக்காவில் 1969 இல் தொடங்கிய 'செசமி ஸ்ரீற்' தொடரிலும் தெருவோரக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். மிஸ்ரர் ஹூப்பர். அவராக நடித்த வில் லீ 1982 மார்கழியில் இறந்துபோனார். ஹூப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா என்று அவர்களும் யோசித்தார்களாம். என் 'வெளியூர்' மாதிரி. அப்படிச் செய்யாமல், பிள்ளை உளவியல் தெரிந்தவர்களைக் கேட்டு, உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்து, 1983 நவம்பர் 24 அன்று அந்தப் பகுதியை ஒளிபரப்பினார்கள். மஞ்சள் பறவைப் பொம்மை ஹூப்பருக்காகக் கீறிய படத்தைக் கொண்டுவந்து அவரைத் தேடும். இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் அதற்கு விளங்கப்படுத்துவார்கள். ஒரு வருடம் யோசித்துச் செய்த பாடம் அது. எனக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம், அதிலும் பிழையாகச் சொன்னேன். சரியாகச் சொன்னவன் அந்தப் பொடியன்.

அதற்குப் பிறகு எங்கள் மட்டைக்கட்டு வளர்ந்துகொண்டே போனது. பாலத்தடியில் வீச்சுவலை எறிகிறவர், கோயிலில் பறை அடிக்கிறவர், தையற்கார மாமி, காத்தான்குடியிலிருந்து துணி கொண்டு வருகிற நானா, கிளினிக்கில் திரிபோஷா பைக்கற் தருகிற மிஸ்ஸி. யுத்தம் முடிந்து சில வருடத்தின் பின் ஒரு பெண் கொன்ஸ்தாபில் வந்து, பிள்ளைகளை வீதி கடக்கப் பழக்கினாள். தமிழ்ப் பிள்ளை, எங்கள் பக்கத்துப் பேச்சு. அன்றைக்குத்தான் மூன்றாவது மட்டையைப் புதிதாகக் கீறினேன். இந்த முறை அதற்கு முகம் இருந்தது. மேசைக்குக் கீழே யாரும் போகவில்லை. 1990 இல் போனவளின் மகள் அந்த வகுப்பில் இருந்தாள் என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும், ஆனால் இருந்தாள்.

நான் 2018 இல் ஓய்வு பெற்றேன். இப்போது பிள்ளைகளுக்கு ரி.வி. குறைவில்லை. சக்தி 1998 இல் வந்தது, வசந்தம் 2009 இல். இந்தியாவின் சுட்டி ரி.வி. 2007 இல். டோரா தமிழ் பேசுகிறாள். இப்போது போனும் இருக்கிறது. ஒரே பாட்டை நூறு தரம் ஓட விடுகிறார்கள். அதில் வருகிற பஸ்ஸுக்கு ஊர் இல்லை, சாரதிக்கு முகம் இல்லை. வங்காளதேசத்தில் 2005 இல் 'சிசிம்பூர்' எடுத்தார்கள், ரி.வி. இல்லாத கிராமங்களுக்கு றிக்ஷா வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். இந்தியாவில் 2006 இல் ஹிந்தியில் 'கலீ கலீ சிம் சிம்' வந்தது. ஒரு சந்தும் அதிலுள்ள ஆட்களும். பலமோரி முடிந்து இருபது வருடத்தின் பின், அதைத் திரும்ப எடுப்பதாக பிபிசி 2025 இல் அறிவித்தது. முதல் தொடர் ஓடிய காலத்தில் ரொபர்மோரிக்குச் சின்னப் பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாகப் போய், எந்த வீட்டில் யார் என்று தேடினார்களாம். மட்டக்களப்புப் பேச்சில், எங்கள் ஒழுங்கையில், எங்கள் ஆட்களை வைத்து எடுத்த ஒரு சிறுபிள்ளைத் தொடர் என் கண்ணில் இன்னும் படவில்லை.

காசு இல்லை என்பார்கள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் சூன் பாண் ஓட்டோ பேதோவனின் இசையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறது. அதை ஓட்டுகிற பொடியன் எந்த வளவில் எத்தனை றாத்தல் பாண், எந்த வீட்டில் மாலுபணிஸ் கேட்டு அழுகிற பிள்ளை என்று எல்லாம் அறிவான். சைக்கிள்காரரின் மட்டைக்குப் பக்கத்தில் அவனையும் கீறி வைத்திருக்கிறேன்.

சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இதே கல்லடியில்தான் இருக்கிறது. நாடகம் படிக்கிறீர்கள், இசை படிக்கிறீர்கள், கையில் கமெரா வைத்த போன் இருக்கிறது. பிள்ளைகளே, ஒரு நாள் காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கைக்கு வாருங்கள். பத்து நிமிடப் பகுதி ஒன்று எடுத்தால் போதும். மட்டைகள் இருபத்திமூன்று என்னிடம் இருக்கின்றன. தேத்தண்ணியும் பாணும் நான் தருவேன்.